இயர்ரிங் அம்மாவின் இடது கை

பாடும்போது ஒரு அடி மறந்துபோனால் நாம் என்ன செய்வோம்? முணுமுணுத்து ஒப்பேற்றுவோம். இல்லாவிட்டால் முந்தைய அடியையே இன்னொரு தடவை இழுப்போம். எங்கள் அபார்ட்மென்டில் இருந்த ஆன்ட்டி ஒருவர் இரண்டையும் செய்ய மாட்டார். பாட்டை நிறுத்திவிடுவார். தொடையில் தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மறந்த அடிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த அடியிலிருந்து சரியாக எடுப்பார். அமெரிக்காவில், சான்டா கிளாராவில் யார் வீட்டு விசேஷத்தில் அவரைப் பாடச் சொன்னாலும் நடுவில் இப்படி ஒரு ஓட்டை விழும். குழந்தைகள் களுக்கென்று சிரிக்கும். பெரியவர்கள் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"சும்மா ஏதாவது போட்டு நிரப்பிடலாமேங்க ஆன்ட்டி" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் தெரியாததை நான் எதுக்குப் பாடணும்? அந்த இடம் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

நான் அதற்கு நேர் எதிர். எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பெயரே நோண்டி. சட்டையில் பொத்தான் இல்லை என்றால் தைத்துவிடுவேன். நாற்காலி ஆடினால் அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகிவிடுவேன். அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தால் அதை நேராக்காமல் எனக்கு உட்கார வராது. கல்யாணமான கையோடு தொண்ணூற்று நான்கில் பொள்ளாச்சியிலிருந்து சான்டா கிளாராவுக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரர் மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் இன்ஜினியர். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. காலை எட்டு மணிக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், மாலை ஏழு வரை அந்த ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்டில் நோண்டுவதற்குக்கூட எதுவும் இருக்காது. அந்த நாட்களில்தான் ஆன்ட்டி எனக்குக் கிடைத்தார். அவருக்கு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஆசையாகத்தான் செய்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

முதலில் பார்த்தது எங்கள் அபார்ட்மென்டின் லாண்ட்ரி ரூமில். நாற்பத்தைந்து வயது இருக்கும். கைத்தறிப் புடவைக்கு மேல் அங்கிளுடைய பழைய ஸ்வெட்டர், கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். விரல் நகங்களெல்லாம் ஒட்ட வெட்டி, ஓரத்தில் செம்மண். இங்கே யார் வீட்டிலும் செம்மண் கிடையாதே என்று எனக்கு அதிசயமாக இருந்தது. ஊர், அங்கிள் வேலை, வந்து எத்தனை வருஷம் என்று நாம் கேட்கிற வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எத்தன குழந்தைங்க ஆன்ட்டி?" என்றேன்.

"ரெண்டு. ஒருத்தன் காலேஜ் போறான். ஒருத்தி இல்ல."

"இல்லைன்னா, இந்தியாவுலங்களா?"

"இல்லம்மா. இல்ல. நாலு வயசுல போயிட்டா."

சொல்லிவிட்டு டிரையரிலிருந்து துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லித் தேற்றியாக வேண்டுமே. "அவ எங்கயும் போயிருக்க மாட்டாங்க ஆன்ட்டி. உங்ககூடவேதான் இருப்பா" என்றேன்.

தலையணை உறையின் நாலு மூலைகளையும் சேர்த்துப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "இல்லம்மா. நான் தேடிப் பாத்துட்டேன். இல்ல."

எங்கள் கூட்டத்துப் பெண்களுக்கு அவரிடம் இருந்த சங்கடமே இதுதான். ஒரு பையன் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன, கேட்கிறவர்கள் வயிற்றில் எதற்குப் புளியைக் கரைக்க வேண்டும் என்பார்கள். பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், பிறந்தநாளுக்குக் கூப்பிடுவார்கள். வளைகாப்புக்கு மட்டும் அவருக்கு போன் போகாது. அது அவருக்கும் தெரியும். மறுநாள் யாராவது தெரியாத்தனமாக அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "என்னைக் கூப்பிடல" என்று மட்டும் சொல்வார். வேலை இருந்தது, வர முடியவில்லை என்று ஒரு பொய் சொல்லி எல்லோரையும் காப்பாற்றத் தெரியாது அவருக்கு.

சமையலிலும் இதே கதைதான். வீட்டில் பெருங்காயம் தீர்ந்துவிட்டால் பூண்டைத் தட்டிப் போட்டு சமாளிக்க மாட்டார். "இன்னிக்குப் பெருங்காயம் இல்லாத சாம்பார்" என்று அறிவித்துவிட்டுப் பரிமாறுவார். அங்கிளும் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுவார். அங்கிள் அதிகம் பேசாத மனிதர். ஹார்டுவேர் கம்பெனியில் வேலை. ஆன்ட்டி ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் அவருடைய கண்ணும் கூடவே போகும்.

ஆன்ட்டியின் வேலை சான் ஹோசேயில் ஒரு சின்ன மியூசியத்தின் பேஸ்மென்டில். உடைந்த மண் உருவங்களை ஒட்டுகிற வேலை. புதன்கிழமைகளில் என்னையும் கூட அழைத்துக்கொண்டு போவார். ஃப்ரீவேயில் ஐம்பது மைலைத் தாண்ட மாட்டார். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தாலும் கவலைப்பட மாட்டார்.

அந்தப் பொம்மைகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகு என்று நான் அதுவரை நினைத்திருந்த எதுவும் அவற்றில் இல்லை. உடம்பு பெரிதாக, தொடை திம்மென்று, கை மட்டும் முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி ஒல்லியாக. மூக்கு நீளம். கண் காபிக்கொட்டை போல நடுவில் ஒரு கீறல். காதுமடல் முழுக்க வரிசையாக வளையம். சிலவற்றுக்குத் தோளில் குட்டிக் குட்டியாக மண் உருண்டைகள், தழும்பாம். பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் மத்தளம் அடிக்கிறான், ஒருத்தி தோளில் பானையைச் சுமக்கிறாள், புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மெக்சிகோவோட மேற்குப் பக்கம். கொலம்பஸ் இந்தப் பக்கம் வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி" என்றார் ஆன்ட்டி. "சக்கரம் கிடையாது. மண்ணைத் திரிச்சுத் திரிச்சு அடுக்கி, உள்ள வெத்தா விட்டுருவாங்க. சூளையில வெடிக்காம இருக்க எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கும் பாரு, இதோ, தலைக்கு மேல. வெளிய செம்மண் குழம்பு பூசி, கல்லால தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிருவாங்க."

"எதுக்குங்க ஆன்ட்டி பண்ணாங்க? சாமிங்களா?"

"செத்தவங்களோட வெக்கறதுக்கு. ஆழமா குழி தோண்டி, அடியில அறை மாதிரி பண்ணி, அதுல ஆளைப் படுக்க வெச்சு, இவங்களையெல்லாம் சுத்தி உக்கார வெச்சிருவாங்க. எடுத்துட்டு வந்தது நம்ம காலத்து ஆளுங்க. எந்தக் குழி, யாரோடதுன்னு எழுதிக்கூட வெக்கல."

மேலெல்லாம் கறுப்பாகப் புள்ளிப் புள்ளியாக இருந்தது. அழுக்கு என்று நினைத்து நான் நகத்தால் சுரண்டப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்ததில் படிந்தது அது, அதைத் துடைத்தால் அத்தனை காலத்தையும் துடைத்த மாதிரி என்றார். பிறகு ஒரு உடைந்த உருவத்தைத் திருப்பி அதன் உட்புறத்தைக் காட்டினார். டார்ச் வெளிச்சத்தில், உள்ளே ஈரமண்ணைத் தடவிவிட்ட விரல்களின் கோடுகள் அப்படியே இருந்தன. சின்ன விரல்கள். பெண்ணாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். "இருக்கலாம். தெரியாது" என்றார் ஆன்ட்டி.

அந்த வருஷம் அங்கே ஒரு பெரிய உருவம் வந்திருந்தது. முகத்தில் பாதி இல்லை. ஆன்ட்டி கிடைத்த துண்டுகளை எல்லாம் சேர்த்துவிட்டு, மீதி இடத்தை ஒரே நிறத்தில் வழவழவென்று மூடி வைத்துவிட்டார். அதில் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கண்காட்சிக்கு முழு முகம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று மேலதிகாரி வந்து நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஆன்ட்டி முடியாது என்றுவிட்டார். அவர் போனதும் நான் எனக்குத் தோன்றிய யோசனையைச் சொன்னேன்.

"அந்தப் பக்கத்துக் கண்ணைப் பாத்து இந்தப் பக்கமும் போட்டுரலாமுங்களே."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு உனக்கு யார் சொன்னா? செஞ்சவ என்ன நெனச்சான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை அவ தலையில கட்டக் கூடாது." பசை பாட்டிலை மூடிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பசைகூட எப்ப வேணா கரைச்சுப் பிரிக்கறதுதான். நாளைக்கு ஒருத்தி வந்து, நான் பண்ணினது தப்புன்னா, பிரிச்சுப் பாக்க முடியணும்ல."

இதையெல்லாம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டவள் நான். காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அவர் வீட்டில், படுக்கையறை அலமாரியில், அதே வகையைச் சேர்ந்த ஒரே ஒரு பொம்மை இருந்தது. மியூசியத்தில் சேர்வதற்கு முன்னால் ஆன்ட்டி வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியம்மா, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது கொடுத்தது. ஒரு முழ உயரம். சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒருத்தி, மடியில் குழந்தை. வலது கையால் குழந்தையைப் பிடித்திருக்கிறாள். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இடுப்புத் துணியில் கோடுகள் அழிந்தும் அழியாமலும். காதில் எண்ணிப் பார்த்தால் பக்கத்துக்கு ஏழு வளையம். அவளை ஆன்ட்டி "இயர்ரிங் அம்மா" என்பார். இவ்வளவு கறாரான மனுஷி ஒரு பொம்மைக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறாரே என்று நான் ரசித்ததோடு சரி. யார் வைத்த பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை.

தொண்ணூற்றைந்து நவராத்திரிக்கு நான் கொலு வைப்பது என்று தீர்மானித்தேன். அமெரிக்காவில் என் முதல் கொலு. வயிற்றில் நாலு மாதம். டிவி பெட்டி, புத்தக அட்டைப்பெட்டிகளை அடுக்கி வேட்டியை விரித்து ஐந்து படி கட்டிவிட்டேன். வைக்கத்தான் பொம்மை இல்லை. அப்போதெல்லாம் சான்டா கிளாரா கொலுக்களில் ஹாம்பர்கர் கடைக்காரன் கொடுக்கிற பிளாஸ்டிக் பொம்மைகளும் உட்காரும், ஒருவருக்கொருவர் செட்டியாரம்மாவையும் செட்டியாரையும் இரவல் வாங்கிக்கொள்வோம். ஆன்ட்டியிடமும் போய்க் கேட்டேன். அவர் வீட்டில் கொலு வைத்து வருஷக்கணக்காகிறது.

படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், துண்டில் சுற்றி, இயர்ரிங் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"தண்ணி படக் கூடாது. ஈரத்துணி கூடாது. தூசி இருந்தா மெல்லிசு பிரஷ்ஷால தட்டிவிடு, போதும்."

"பத்திரமா பாத்துக்கறேனுங்க ஆன்ட்டி."

"தெரியும். தெரியாமலா குடுக்கறேன்."

அந்த மூன்று வார்த்தைதான் எனக்கு முள்.

மறுநாள் அம்மாவுக்கு போன் போட்டேன். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பயந்து பயந்து பேசுகிற காலம். கொலுவில் என்னென்ன வைக்கிறாய் என்று கேட்டவளிடம், ஒரு அதிசய பொம்மை இருக்கிறது, ஒரு கை மட்டும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"மூளி பொம்மையையா படில வெக்கப் போற? வேண்டாஞ் சாமி. வயித்துப் புள்ளக்காரி நீ. அது ஆகாது."

"ரொம்பப் பழசும்மா. மியூசியத்துப் பொம்மை மாதிரி."

"எதா இருந்தா என்ன? ஒண்ணு கையி வெச்சு வர்ணம் அடிச்சு வெய்யி. இல்லாட்டி வெக்காத."

நம் வீடுகளில் நடப்பதுதான். பரணிலிருந்து இறக்கிய பொம்மையில் விரல் போயிருந்தால் ஒட்டுவோம், வர்ணம் வெளுத்திருந்தால் கொலுவுக்கு முன்னால் தீட்டுவோம், அதற்கப்புறம்தான் படியேற்றுவோம். வைக்க முடியாது என்று ஆன்ட்டியிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அதை வெளியே எடுத்ததே பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வயிற்றுக் குழந்தையை நினைத்தும் பயம். எல்லாவற்றுக்கும் மேல் என்னுடைய இந்தக் கை. ஊரார் பொம்மைக்கெல்லாம் கை கால் ஒட்டுகிற ஆன்ட்டிக்குத் தன் வீட்டுப் பொம்மையை ஒட்ட நேரமில்லை, நாமே செய்து வைத்து அசத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹார்டுவேர் கடையில் எபாக்ஸி என்று ஒரு பசை விற்பார்கள். இரண்டு நிறக் களிமண் மாதிரி இருக்கும். சேர்த்துப் பிசைந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். வாங்கி வந்து, உடைந்த முனையில் அழுத்தி, அதிலிருந்து ஒரு கையை இழுத்தேன். ஒரு அம்மாவின் கை எங்கே இருக்கும்? குழந்தையின் தலையில்தான். அங்கேயே வைத்தேன். ஐந்து விரல், விரலுக்கு நகம், கையில் இரண்டு வளையல். காய்ந்த பிறகு உடம்பின் செம்மண் நிறத்தைக் கலந்து பூசினேன். இடுப்புத் துணியில் மங்கிப்போன கோடுகளுக்குப் பச்சையும் மஞ்சளும் கொடுத்தேன். கடைசியாகக் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளி வைத்துக் கண் திறந்தேன். எங்க வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, புதுசாட்டம் இருக்கே என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

நவராத்திரி மூன்றாம் நாள் சாயங்காலம் ஆன்ட்டி வந்தார். ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் படியைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன், பாராட்டுக்காக. அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேஸ்மென்டில் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"நீ பண்ணினியா?"

"ஆமாங்க ஆன்ட்டி. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு."

"எதால?"

எபாக்ஸி என்றேன். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். "விரலை நல்லாப் பண்ணியிருக்கே. ஆனா இவங்க எண்ண மாட்டாங்க. சும்மா நாலு கீறல், அஞ்சு கீறல் போட்டு விட்டுருவாங்க." கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அந்தக் கையில ஒரு கிண்ணம் இருந்துச்சு" என்றார்.

தொழில் தெரிந்தவரின் நுணுக்கம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அடுத்த தடவை கிண்ணம் வைத்துவிடலாம் என்று சொல்லிச் சிரித்தேன். வழக்கம்போல எல்லோரும் அவரைப் பாடச் சொன்னார்கள். உட்கார்ந்து ஆரம்பித்தார். நாங்கள் நூறு தடவை கேட்ட பாட்டு. இரண்டாவது அடியில் நின்றார். தொடையில் தாளம் போனது. ஒரு அடிக்கு உண்டான நேரம் போய், இன்னொரு அடிக்கு உண்டான நேரமும் போயிற்று. தாளமும் நின்றது. எழுந்து, வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுக் கிளம்பினார். சுண்டல் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

விஜயதசமியன்று காலையிலேயே அங்கிள் வந்தார். "இன்னிக்கே வேணுமாம். பத்து மணிக்குள்ள எடுத்துட்டு வரச் சொல்லி ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டா. ஏன்னு சொல்லல" என்றார். நான் அதைத் துண்டில் சுற்றாமல், அவர் பார்க்கட்டும் என்று அப்படியே தூக்கிக்கொண்டு பார்க்கிங் வரை போனேன். கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கதவை விட்டுவிட்டார்.

"இந்தக் கையை யாரும்மா வெச்சது?"

"நான்தானுங்க அங்கிள்."

"அவ பாத்துட்டாளா?"

"அன்னிக்கே பாத்தாங்களே. விரல் நல்லாயிருக்குன்னாங்க."

அங்கிள் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"என் பொண்ணு உடைச்சதும்மா அது. இயர்ரிங் அம்மான்னு பேர் வெச்சதும் அவதான். ஒரு செவ்வாக்கிழமை சோபா மேல ஏறி எடுத்திருக்கா, நழுவ விட்டுட்டா. இவ நல்லாத் திட்டினா. முதுகுல ஒண்ணு வெச்சா. அது மூலையில நின்னு அழுதுது. அப்புறம் மனசு கேக்காம, சரி வா, சனிக்கிழமை நீயும் நானும் சேந்து ஒட்டலாம்னா. வியாழக்கிழமை ஜுரம் வந்துது. சனிக்கிழமை நாங்க ஹாஸ்பிட்டல்ல இருந்தோம். ஞாயித்துக்கிழமை முடிஞ்சு போச்சு."

நான் பொம்மையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"அஞ்சு துண்டு. ஒரு ஃபிலிம் டப்பாவுல போட்டு வெச்சிருக்கா. ஊர்ப்பட்ட பொம்மையை ஒட்டறா, இதைத் தொடல. எட்டு வருஷம் ஆச்சு. இவ என்னிக்கு அதை எடுத்து ஒட்டறாளோ, அன்னிக்குத்தான் இவ கொஞ்சமாவது அந்த சனிக்கிழமையைத் தாண்டிட்டான்னு நான் நெனச்சுப்பேன். கேக்கறதில்ல. வெயிட் பண்ணிட்டு இருக்கேன்."

அவர் பொம்மையை வாங்கிப் பின் சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுகிற மாதிரி பெல்ட்டைப் போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் நான் லாண்ட்ரி ரூம் பக்கமே போகவில்லை. துணியைக் குளியல்தொட்டியில் துவைத்தேன். ஆன்ட்டி எப்போதும்போல புதன்கிழமை கதவைத் தட்டினார். தலைவலி என்று உள்ளிருந்தே சொன்னேன். அடுத்த புதனும் தட்டினார். அவர் பொய் சொல்லாதவர், நான் கதவுக்குப் பின்னால் நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை பகலில், எங்க வீட்டுக்காரர் வற்புறுத்தியதால், ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன்.

ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இயர்ரிங் அம்மா. பஞ்சு சுற்றிய குச்சிகள் ஒரு குவளை நிறைய, பச்சையும் மஞ்சளுமாக. நான் பூசிய வர்ணத்தை மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறார். கண்ணில் நான் வைத்த புள்ளி போயிருந்தது. இடுப்புத் துணியில் அந்தப் பழைய கோடுகளில் பாதி திரும்பக் கிடைத்திருந்தது, பாதி என் வர்ணத்தோடு போய்விட்டது. குழந்தையின் தலையில் அந்தக் கை மட்டும் அப்படியே, வளையலோடு.

"அங்கிள் சொன்னாருங்க ஆன்ட்டி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உக்காரு. தண்ணி குடி. மாசமா இருக்கறப்ப அழக் கூடாது."

நான் உட்காரவில்லை. "இந்தக் கையை எடுக்க வராதுங்களா? நானே எடுத்துத் தந்தர்றேன். என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"எடுக்கலாம். ஆனா இது கரையாதும்மா. பழைய மண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கு. பேத்தா, அதையும் சேத்துப் பேத்துக்கிட்டு வரும். அப்புறம் அங்க இருக்கப்போறது புது உடைப்பு." கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். "அவ உடைச்சது இல்ல."

"அப்ப அந்தத் துண்டுங்க?"

"சேராது. அது சேர்ற விளிம்பு இனிமே இல்ல."

எனக்கு அப்போது ஒரு கெட்ட புத்தி வந்தது. தப்பு செய்தவளுக்கு எங்காவது ஒரு கிளை கிடைக்காதா என்று தாவுகிற புத்தி. "நீங்களும் ஒட்டாமத்தானுங்களே வெச்சிருந்தீங்க, ஆன்ட்டி. எட்டு வருஷமா ஒட்டலைன்னு அங்கிள் சொன்னாரு" என்றேன்.

"ஆமா" என்றார். "இந்த விஜயதசமிக்கு ஒட்டலாம்னு இருந்தேன். பசை கலக்கி வெச்சுட்டுத்தான் அங்கிளை அனுப்புனேன்."

"கொலுவுலயே பாத்துட்டீங்களேங்க ஆன்ட்டி."

"பாத்தேன். இருந்தாலும் கலக்கினேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று நான் தேடினேன். இல்லை. இன்னொரு குச்சியை எடுத்துப் பஞ்சைச் சுற்றி, பாட்டிலில் தொட்டு, இடுப்புத் துணியின் ஓரத்தில் மிச்சமிருந்த பச்சையை ஒற்ற ஆரம்பித்தார். நான் ஜன்னலை அடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றேன்.